நோயை மறைத்துச் செய்த கல்யாணம்: திருமணத்தை ரத்து செய்யக் கோரும் முழு வழிகாட்டி

பெண் பார்க்க வந்தபோது "பையனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்றிருப்பார்கள். கல்யாணம் முடிந்த சில வாரத்தில் பீரோவுக்குள்ளிருந்து பழைய மாத்திரை அட்டைகள் வெளியே வரும். இன்னொரு வீட்டில் மருமகள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டாரிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கம் இப்படி மாட்டிக்கொள்ளும் குடும்பம் முதலில் தரகரைத் தேடிப் போகும். அப்புறம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். அப்புறம் கோயில், ஜாதகம், பரிகாரம். வக்கீலிடம் வருவது கடைசியில். அதற்குள் வழக்கின் உயிர்நாடியான நாட்கள் கழிந்துபோயிருக்கும்.

மோசடியைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க, இந்துத் திருமணச் சட்டம், 1955 தரும் அவகாசம் ஓராண்டு. அது உண்மை தெரியவந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். அந்த ஓராண்டுக்குள்ளேயே இருந்தாலும், தெரிந்த பிறகு மனமுவந்து கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் வழி அடைபட்டுவிடும். எனவே என்றைக்குத் தெரிந்தது, தெரிந்த மறுநாளிலிருந்து என்ன செய்தீர்கள் என்ற இரண்டையும் வைத்தே இந்த வழக்கு நிற்கும், விழும்.

முதல் வேலை: உங்கள் வழக்கு எந்தப் பிரிவுக்குள் வருகிறது

இந்தச் சட்டத்தில் 11-ஆம் பிரிவின் கீழ் வரும் திருமணங்கள் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை: முதல் மனைவியோ கணவரோ உயிரோடிருக்கும்போது செய்தவை, தடைசெய்யப்பட்ட உறவுக்குள் செய்தவை போன்றவை. நோயை மறைத்த திருமணம் அதில் சேராது. அது 12-ஆம் பிரிவுக்குள் வரும். நீதிமன்றம் ரத்து செய்யும் வரைக்கும் அது முழுக்கச் செல்லுபடியாகும் திருமணம்தான். "மறச்சுக் கட்டி வெச்சது, அது கல்யாணமே இல்லை" என்று ஊரே சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் திருமணமானவர்.

12-ஆம் பிரிவில் நோய்க்கு மூன்று வாசல் உண்டு.

ஒன்று, 12(1)(ஏ). எதிர்த்தரப்பின் ஆண்மையின்மை அல்லது தாம்பத்திய இயலாமையால் உடலுறவு நடக்காதது. இதற்கு ஓராண்டுக் கெடு கிடையாது. குழந்தைப்பேறு இல்லாமை வேறு, இது வேறு. உறவு நடந்து குழந்தை மட்டும் தங்காத வழக்கை இதில் கொண்டுபோனால் நிற்காது.

இரண்டு, 12(1)(பி). திருமணத்தின்போதே மனநோய் இருந்து, அதனால் செல்லத்தக்க சம்மதம் தர முடியாத நிலை. அல்லது சம்மதம் தர முடிந்தாலும் இல்லறத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தகுதியில்லாத அளவுக்கு நோய். அல்லது அடிக்கடி திரும்பத் திரும்ப வரும் பித்துநிலை. இங்கே யாரும் மறைத்தார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை, ஓராண்டுக் கெடுவும் இல்லை. ஆனால் நோயின் அளவை நிரூபிப்பது மிகக் கடினம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் கணவரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று பெயர் சொன்னால் போதாது, இயல்பான மணவாழ்க்கை நடத்தவே முடியாத அளவு அந்த நோய் இருந்ததைக் காட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மருந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரும் ஒருவரை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவருவது நடக்காத காரியம்.

மூன்று, 12(1)(சி). மனுதாரரின் சம்மதம் மோசடியால் பெறப்பட்டது. 1976 திருத்தத்துக்கு முன் இந்தப் பிரிவின் வீச்சு குறுகலாக இருந்தது. எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான எந்த உண்மையை மறைத்தாலும் மோசடி ஆகலாம் என்ற வழியை அந்தத் திருத்தம்தான் தெளிவாகத் திறந்தது. மனநோய் மட்டும் என்றில்லை, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பது, பிறவியிலேயே கருப்பை இல்லாதது, எச்.ஐ.வி. என எதுவானாலும் இங்கே எழுப்பலாம். நோய் (பி) பிரிவு கேட்கும் உச்ச அளவில் இருக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக மறைப்பை நிரூபிக்க வேண்டும், ஓராண்டுக்குள் வரவும் வேண்டும். 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், திருமணத்துக்கு முன்பே இருந்த மனச்சிதைவை மறைத்தது மோசடி என்று ஒரு திருமணத்தை ரத்து செய்தது.

எல்லா நோயும் "முக்கியமான உண்மை" ஆகிவிடாது. தைராய்டு, கண்ணாடி, சின்ன வயதில் ஒருமுறை வந்த வலிப்பு, எப்போதோ மருந்தெடுத்துக் குணமான மனச்சோர்வு போன்றவற்றை வைத்து வழக்குப் போட வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. திருமணத்துக்கான நிபந்தனைகளைச் சொல்லும் 5-ஆம் பிரிவிலிருந்து வலிப்பு நோயை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். "வலிப்பு இருந்தா கல்யாணம் செல்லாது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய சட்டத்தைச் சொல்கிறார்கள்.

பெரும்பாலான மனநோய் வழக்குகளில் (பி), (சி) இரண்டையும் சேர்த்தே மனுவில் வைப்பார்கள். அது சரியான முறைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தேவையான விவரத்தைத் தனித்தனியாக எழுத வேண்டும்.

தெரிந்த நாளன்று செய்ய வேண்டியவை

ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: என்ன பார்த்தீர்கள், எங்கே, யார் கூட இருந்தார்கள், யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது. சந்தேகம் வேறு, உறுதியாகத் தெரிவது வேறு. நடத்தையில் வித்தியாசம் தெரிந்த நாள் சந்தேகம்தான். ஐந்தாண்டாக இன்ன மருத்துவமனையில் சிகிச்சை நடக்கிறது என்று மாமனாரோ மருத்துவரோ ஒப்புக்கொண்ட நாள், உண்மை தெரியவந்த நாள். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் சந்தேகத்தையே தெரிந்த நாளாகக் காட்டப் பார்ப்பார். இரண்டையும் நீங்களே முதலில் பிரித்து எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். கெடுவை எண்ணும்போது மட்டும் முந்தைய தேதியை வைத்தே எண்ணுங்கள்.

மாத்திரை அட்டையைப் படமெடுக்கும்போது முன்பக்கம் மட்டும் எடுத்துவிட்டு விடுவார்கள். பின்பக்கத்தில்தான் பேட்ச் எண்ணும் தயாரிப்பு மாதமும் இருக்கும். மண நாளுக்கு முந்தைய தயாரிப்பு மாதம் ஒரு சின்னத் துப்பு. மருந்துக்கடை பில்லோடு சேர்ந்தால் அதற்கு எடை கூடும். மருந்தின் பெயரை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யாதீர்கள். சோடியம் வால்ப்ரோயேட் வலிப்புக்கும் கொடுப்பார்கள், இருதுருவ மனநோய்க்கும் கொடுப்பார்கள். குளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர்களுக்கு ரத்த வெள்ளணுக்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்தாக வேண்டும், லித்தியம் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தாக வேண்டும். ஆகவே வீட்டில் பழைய லேப் ரிப்போர்ட்டுகள் கிடந்தால், அவற்றின் மேல் மூலையில் அச்சாகியிருக்கும் தேதி எந்த வாக்குமூலத்தையும்விடப் பலமாகப் பேசும். பழைய ஓ.பி. சீட்டு இருந்தால் அதிலுள்ள பதிவு எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நீதிமன்றம் வழியாக ஆவணம் கேட்க அந்த எண் தேவைப்படும்.

மருத்துவமனைக்கு நேரில் போய் "அவுங்க ஃபைலைக் குடுங்க" என்று கேட்காதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. கணவன், மனைவி என்பதற்காகவே ஆவணத்தைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. தெரிந்த ஊழியரைப் பிடித்து நகல் எடுப்பது உங்கள் நம்பகத்தன்மையையே கெடுக்கும். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மருந்துச் சீட்டைப் போடுவது அதைவிட மோசம். நோயுள்ளவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். பல நேரம் அவருக்கே தெரியாமல் அவரைப் பெற்றவர்கள் மறைத்திருப்பார்கள்.

அடுத்தது, பிரிந்து இருப்பது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் சாகின்றன. "ஆறு மாசம் பாருங்க, மருந்து குடுத்தாச் சரியாப் போகும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அதைக் கேட்டு மறுபடி குடும்பம் நடத்தினால், முதலில் சொன்ன தடையை வைத்திருக்கும் 12(2) குறுக்கே வந்து நிற்கும். குறுக்கு விசாரணையில் கேட்கப்படும் கேள்விகள் இப்படி இருக்கும்: தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போனீர்களா? இந்தப் போட்டோ ஊட்டியில் எடுத்ததுதானே? பழனிக்குச் சேர்ந்து போனீர்களே, அது எந்த மாதம்? தெரிந்த தேதிக்குப் பிந்தைய ஒரே ஒரு சிரித்த முகப் போட்டோ போதும், ஓராண்டு உழைப்பு வீணாக. ரத்து கேட்பது என்று முடிவு செய்துவிட்டால் அன்றே பிரிந்து வாழத் தொடங்குங்கள். ஒரே வீட்டில் சில நாள் இருக்க நேர்ந்தால் ஏன் இருந்தீர்கள், எப்படித் தனித்தனியாக இருந்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். பிரிவதென்றால் நோயுள்ளவரை நடுவழியில் விட்டுப் போவதல்ல. அவருடைய பெற்றோரை வரவழைத்து, மருந்துகளை ஒப்படைத்து, எந்த வேளை மருந்து கடைசியாகக் கொடுக்கப்பட்டது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். மருந்து திடீரென்று நின்றால் நோய் வெடித்துக் கிளம்பும்; அந்தப் பழி உங்கள் மேல்தான் வரும்.

சேர்ந்து வாழ்ந்து பார்க்கத்தான் விருப்பம் என்றால் அதுவும் மதிக்கத்தக்க முடிவே. அப்படிப் பார்த்தும் முடியாமல் போனால் மோசடி வழியை மறந்துவிட்டு விவாகரத்து வழிக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

யார் யாரிடம் என்ன சொன்னார்கள்

மறைத்ததை நிரூபிப்பதில் கொங்குப் பக்கக் கல்யாணங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பேச்சு முழுவதும் தரகர் வழியாகவும் பெற்றோர் வழியாகவும்தான் நடக்கும். பெண்ணும் பையனும் தனியாகப் பேசியது கால் மணி நேரம்கூட இருக்காது. சட்டமோ மனுதாரரின் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்று கேட்கிறது. ஆகவே சொன்னவரிடமிருந்து உங்கள் காது வரை வந்த சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகக் காட்ட வேண்டும்: தரகரிடம் மாப்பிள்ளை வீட்டார் சொன்னது, தரகர் உங்கள் அப்பாவிடம் சொன்னது, அப்பா உங்களிடம் சொன்னது, அதை நம்பி நீங்கள் சரியென்றது.

திருமணத் தகவல் மையத்தில் கொடுத்த பயோடேட்டா படிவம், மேட்ரிமோனி தளத்தில் உடல்நிலை பற்றிப் பதிந்த விவரம், ஜாதகத்தோடு வந்த தாள், நிச்சயத்துக்கு முன் வந்த வாட்ஸ்அப் செய்திகள் இவற்றைத் தேடி எடுங்கள். தளத்திலுள்ள விவரத்தை உடனே எடுத்து வைக்க வேண்டும், கல்யாணம் முடிந்ததும் கணக்கை மூடிவிடுவார்கள். உடல்நிலை பற்றி யாரும் கேட்கவே இல்லை, அவர்களும் சொல்லவில்லை என்றால் வழக்கு பலவீனம்தான். இருந்தாலும், வேலையை விட்டதற்கும் படிப்பு நின்றதற்கும் பொய்க் காரணம் சொல்லியிருந்தால் அது வாய்மூடி இருந்ததாகாது, திட்டமிட்ட மறைப்பு ஆகும்.

தரகர் பெரும்பாலும் சாட்சிக் கூண்டுக்கு வர மாட்டார். இரண்டு பக்கமும் அவருக்குத் தொழில் நடக்க வேண்டும். சீர் செய்து வைத்த அருமைக்காரர் (கல்யாணச் சடங்குகளை நடத்தும் பெரியவர்) வருவார். ஆனால் அவர் சாட்சி கல்யாணம் நடந்ததைத்தான் நிரூபிக்கும், மறைத்ததை அல்ல. பெண் பார்க்கும்போது கூட இருந்த தாய்மாமன், அத்தை போன்றவர்கள்தான் பயன்படுவார்கள். என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று சொந்த வாயால் சொல்லத் தெரிந்த இருவர் போதும். மனப்பாடம் செய்த ஐந்து பேர் வேண்டாம்.

செல்போனில் உள்ள எதையும் நீதிமன்றத்தில் சேர்க்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சான்றிதழுக்கு இரண்டு பகுதி: ஒன்றில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இன்னொன்றில் நிபுணர். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்ணான ஹாஷ் மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும். எனவே ஒரிஜினல் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், செய்தியை ஃபார்வேர்டு செய்து வைத்துக்கொண்டு மூலத்தை அழிக்காதீர்கள். கணவன் மனைவிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலையும் குடும்ப வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எந்த நீதிமன்றம்

19-ஆம் பிரிவுப்படி, கல்யாணம் நடந்த ஊர், மனு போடும்போது எதிர்மனுதாரர் இருக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊர் இவற்றில் எதுவும் சரி. மனைவி மனுதாரர் என்றால் அவர் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம். கல்யாணம் காங்கேயத்தில், குடித்தனம் பெங்களூரில், பெண் இப்போது கோபியில் அப்பா வீட்டில் என்றால் பெண் கோபி எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம், பெங்களூர் அலைய வேண்டாம். கோவை, சேலம் போன்ற இடங்களில் குடும்ப நல நீதிமன்றம் உண்டு. இல்லாத எல்லைகளில் சார்பு நீதிமன்றத்தில் எச்.எம்.ஓ.பி. (இந்துத் திருமண மூல மனு) என்ற எண்ணில் வழக்கு பதிவாகும்.

விவாகரத்து மனுவைக் கல்யாணமாகி ஓராண்டுக்குள், விசேஷ அனுமதி இல்லாமல், போட முடியாது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. ரத்து மனுவுக்கு அந்தத் தடை இல்லை. "வருசம் ஆகட்டும், அப்புறம் போடலாம்" என்று யாராவது சொன்னால் இரண்டையும் குழப்புகிறார்கள் என்று அர்த்தம். அந்த அறிவுரையைக் கேட்டுக் காத்திருந்தால் மோசடிக் கெடு கையைவிட்டுப் போய்விடும்.

மனுவில் என்ன எழுத வேண்டும்

மனுவோடு கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும்போது எடுத்த போட்டோ, திருமணப் பதிவுச் சான்று, இருவரின் முகவரிச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாமல் விட்டிருந்தாலும் ரத்து மனு போடலாம், பத்திரிகையும் சாட்சியும் வைத்துத் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

மனுவின் நடுப்பகுதிதான் உயிர். "எதிர்மனுதாரருக்கு மனநோய் இருந்ததை மறைத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால் விசாரணையில் விவரம் சேர்க்க இடம் கிடைக்காது. இந்த அளவுக்காவது நுணுக்கம் வேண்டும்:

"பெண் பார்த்த அன்று மனுதாரரின் தந்தை, எதிர்மனுதாரர் கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்தியது ஏன் என்று கேட்டதற்கு, பாட்டியைக் கவனித்துக்கொள்வதற்காக என்று எதிர்மனுதாரரின் தந்தை சொன்னார். உண்மையில் அந்தக் காலத்தில் எதிர்மனுதாரர் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தார் என்பது மனுதாரருக்கு இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன ஆவணத்தின் மூலம் தெரியவந்தது. அன்று முதல் மனுதாரர் எதிர்மனுதாரருடன் கணவன் மனைவியாக வாழவில்லை. உண்மை தெரிந்திருந்தால் மனுதாரர் இத்திருமணத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டார்."

இந்தப் பத்தியில் பொய், உண்மை, தெரிந்த நாள், தெரிந்த பின் வாழாதது, சம்மதத்தின் மேல் அதன் விளைவு ஐந்தும் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் அந்த ஓட்டை வழியாக எதிர்த்தரப்பு நுழையும். எதிர்த்தரப்போடு கூடிப் பேசி இந்த மனுவைப் போடவில்லை என்ற உறுதிமொழியையும், மனுதாரரின் சரிபார்ப்புக் கையெழுத்தையும் 20-ஆம் பிரிவு கேட்கிறது.

தாக்கல் செய்த மனு சின்னச் சின்னக் குறைகளுக்காக அலுவலகத்திலிருந்து திரும்பி வருவது சகஜம். முதல் நாள் போட்ட முத்திரைத் தேதியும், தாக்கலின்போது தரும் எஸ்.ஆர். எண்ணும் இருக்கும் தாளைப் பத்திரமாக வையுங்கள், கெடுவுக்குள் வந்தீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. திரும்பிய மனுவை, அவர்கள் கொடுத்த அவகாசத்துக்குள் சரிசெய்து மறுபடி கொடுங்கள். 2025 ஜூன் 14-இல் தெரியவந்தது என்றால் 2026 ஜூன் 13 வரை இருக்கிறதே என்று இருக்காதீர்கள். நடுவில் மே மாதக் கோடை விடுமுறை வருகிறது. ஒன்பதாவது மாதத்துக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

எதிர்மனுதாரருக்குக் காப்பாளர்

பல வக்கீல்களே கோட்டைவிடும் இடம் இது. எதிர்மனுதாரர் தன் வழக்கைத் தானே நடத்த முடியாத மனநிலையில் இருக்கிறார் என்று நீங்களே மனுவில் சொன்னால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆம் கட்டளை, 15-ஆம் விதிப்படி நீதிமன்றம் அதை விசாரித்து அவருக்கு ஒரு வழக்குக் காப்பாளரை நியமிக்க வேண்டும். பெரும்பாலும் அப்பாவோ அண்ணனோ இருப்பார்கள். இதைச் செய்யாமல், எதிர்த்தரப்பு வராமலே எக்ஸ்பார்ட்டியாக வாங்கிய தீர்ப்பு மேல்முறையீட்டில் சாய்ந்துவிடும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் மனநிலை பிறழ்ந்தவர் ஆகிவிட மாட்டார் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், காப்பாளர் தேவையா இல்லையா என்பதை நீதிபதியே தீர்மானிக்கும்படி தனி மனு போடுவதுதான் பாதுகாப்பு.

மருத்துவச் சாட்சியம்

சிகிச்சை கொடுத்த மருத்துவரையும் மருத்துவமனை ஆவணத்தையும் சம்மன் மூலம் வரவழைக்க மனு போடுங்கள். சான்றிதழ் மட்டும் போதாது, எழுதியவர் கூண்டேறிச் சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்காமலே, உறவினர் சொன்னதைக் கேட்டு எழுதிக் கொடுத்த சான்றுக்கு மதிப்பில்லை. குடும்ப நல நீதிமன்றத்தில் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி கொஞ்சம் தளர்வு என்றாலும் அதை நம்பி ஆவணத்தை அரைகுறையாக விடாதீர்கள்.

எதிர்மனுதாரரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழு பரிசோதிக்க உத்தரவிடும்படியும் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் மனுதாரரிடம் வலுவான முதல்நிலை ஆதாரம் இருக்க வேண்டும். சும்மா சந்தேகத்துக்கு அனுப்ப மாட்டார்கள். உத்தரவிட்டும் போக மறுத்தால் அதை அவருக்கு எதிராக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய பரிசோதனை இன்றைய நிலையைத்தான் சொல்லும் என்பதை மறந்துவிடாதீர்கள். மண நாளன்று நோய் இருந்தது என்பதற்குப் பழைய ஆவணம்தான் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு, பிரசவத்துக்குப் பிறகு வந்த நோயை ரத்து மனுவில் கொண்டுவர முடியாது.

எச்.ஐ.வி. சம்பந்தப்பட்ட வழக்கில் 2017-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி பெயரை மறைத்து விசாரிக்கக் கேட்கலாம். மற்ற நோய்களிலும் 22-ஆம் பிரிவின்படி விசாரணை மூடிய அறையில்தான். விவரத்தை அச்சிட்டு வெளியிட்டால் அபராதம் உண்டு.

விசாரணையும் பணமும்

சம்மன் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் கவுன்சிலிங்குக்கு அனுப்புவார்கள். சமரசத்துக்கு முயற்சி செய்வது நீதிமன்றத்தின் கடமை, கோபப்பட வேண்டாம். போய், முடிவில் உறுதியாக இருப்பதை மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். அப்புறம் எதிருரை (எதிர்த்தரப்பின் பதில்), நிரூபண வாக்குமூலம் (சாட்சியத்தைப் பிரமாணமாக எழுதித் தருவது), குறுக்கு விசாரணை, வாதம். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் எதிர்த்து நடத்தினால் வாய்தா ஆண்டுக் கணக்கில் போகும். எதிர்மனுதாரர் வராமல் போனாலும் நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புத் தர மாட்டார். 23-ஆம் பிரிவுப்படி காரணம் நிரூபணமானதில் அவருக்குத் திருப்தி வர வேண்டும்.

மனுதாரர் கணவர் என்றால், மனைவி 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்பார். ஏமாற்றப்பட்டவன் நான், எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நிற்பதில் பலனில்லை. 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி இருவரும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தோட்டம், தறி, கோழிப்பண்ணை, பனியன் கம்பெனிப் பங்கு எல்லாம் அதில் வர வேண்டும். மறைத்தது தெரிந்தால், மறைத்ததற்காக வழக்குப் போட்டவரே மறைத்தார் என்று ஆகும். ரத்துத் தீர்ப்புக்குப் பிறகும் 25-ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம். தொடக்கத்திலிருந்தே செல்லாத திருமணத்துக்குக்கூட அது பொருந்தும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெண் வீட்டார் போட்ட நகை பெண்ணின் சொத்து. ரத்தானாலும் திரும்பி வர வேண்டும். நகைக்கடை பில், சீர் வரிசை எழுதிய நோட்டு, மண்டபத்தில் எடுத்த போட்டோ இவற்றைச் சேர்த்து 27-ஆம் பிரிவில் அதே வழக்கிலேயே கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

குழந்தை பிறந்துவிட்டால் பயம் வேண்டாம். 16-ஆம் பிரிவுப்படி அது முறையான வாரிசு, பெற்றோர் சொத்தில் அதற்குப் பங்கு உண்டு.

பத்திரம் எழுதி அத்துவிடுவது

இரண்டு வீட்டாரும் பெரியவர்கள் முன் உட்கார்ந்து, முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, நகையைக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்வது இன்னமும் நடக்கிறது. அந்தத் தாளால் திருமணம் ரத்தாகாது. அதை நம்பி மறுமணம் செய்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் இருதார மணக் குற்றம், ஏழாண்டு வரை சிறை. நகை, பணம் பற்றிய பேச்சுவார்த்தையைப் பெரியவர்கள் முன் நடத்துங்கள், அது நல்லதுதான். திருமணத்தை முடிப்பதை மட்டும் நீதிமன்றத்தில் வையுங்கள்.

இரு தரப்பும் உண்மையிலேயே ஒத்துப்போனால், 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்தே மேல் என்பது எங்கள் கருத்து. ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும், அப்புறம் ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்கில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாருடைய நோயும் பதிவில் ஏறாது. எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது என்பதால் மட்டும் ரத்துத் தீர்ப்பு வாங்க முடியாது. கெடு தவறிப்போனவர்கள் 13(1)(iii), அதாவது சேர்ந்து வாழ எதிர்பார்க்க முடியாத அளவு மனநோய் என்ற காரணத்திலோ, கொடுமை என்ற காரணத்திலோ விவாகரத்துக்குப் போகலாம்.

நீங்கள் எதிர்மனுதாரர் பக்கம் நின்று இதைப் படிக்கிறீர்கள் என்றால், முன்பே சொல்லிவிட்டோம் என்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று தேடுங்கள்: அனுப்பிய செய்தி, கூட வந்து மருத்துவரைப் பார்த்த நாள், மருந்து வாங்கிக் கொடுத்தது. தெரிந்த பிறகும் சேர்ந்து வாழ்ந்ததற்கான தேதிகளையும் எடுத்து வையுங்கள். சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிட்டால் அதை நீக்கக் கோர முப்பது நாள்தான்.

தீர்ப்புக்குப் பின்

குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்பின் மேல் உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வுக்கு மேல்முறையீடு. குடும்ப நீதிமன்றச் சட்டம் முப்பது நாள் என்கிறது, இந்துத் திருமணச் சட்டம் தொண்ணூறு நாள் என்கிறது. மேல்முறையீடு செய்பவர் முப்பதுக்குள் செய்யட்டும். தீர்ப்பு வாங்கியவர் தொண்ணூறும் கழியும் வரை மறுமணப் பேச்சை எடுக்க வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, சேலம், நாமக்கல் வழக்குகள் சென்னைக்குப் போகும். கரூர், திண்டுக்கல் வழக்குகள் மதுரைக் கிளைக்கு.

சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று எடுத்து வையுங்கள். திருமணம் பதிந்திருந்தால் ஒன்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துப் பதிவேட்டில் குறிப்பு ஏற்றச் சொல்லி மனுக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் இருந்தால் அதை நீக்க இன்னொன்று தேவைப்படும். அடுத்த வரன் பார்க்கும்போது முதல் திருமணம் ரத்தானதைப் பயோடேட்டாவிலேயே எழுதுங்கள். கேட்கும் வீட்டாரிடம் தீர்ப்பின் நகலைக் காட்டுங்கள், ஆனால் எதிர்த்தரப்பின் மருத்துவ விவரம் உள்ள பக்கங்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.